ஓங்கிலின் கொழுப்பில் ஓர் ஆலையின் கைரேகை: கடலோர டால்பின்களும் ரசாயன மாசும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டால்பினை நம் கடற்கரையில் ஓங்கில் என்பார்கள். இந்தப் பக்கத்தில் இரண்டு சொல்லும் மாறி மாறி வரும். பேச்சு பெரும்பாலும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள பிரன்ஸ்விக் என்ற சின்னத் துறைமுக ஊரைச் சுற்றியே போகும். நம் கரைக்கும் கடைசியில் வருவோம்.

உலகில் எத்தனையோ கடற்கரை இருக்க, பிரன்ஸ்விக் ஏன்?

விஷம் எங்கிருந்து வந்தது என்பதில் அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை என்பதால்தான். மற்ற இடங்களில் ஓங்கிலின் உடம்பில் இருக்கும் ரசாயனம் எந்த ஆலையுடையது, எந்த வயலுடையது, எந்த நகரத்துச் சாக்கடையுடையது என்று பிரித்துச் சொல்வது கடினம். எல்லாம் ஆற்றில் கலந்து ஒன்றாகிக் கடலுக்கு வந்துவிடும். கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். பிரன்ஸ்விக்கில் இருந்த ஓர் ஆலை, அரோகுளோர் 1268 என்ற அபூர்வமான ரசாயனக் கலவையைப் பயன்படுத்தியது. வேறு எங்கும் அதிகம் புழங்காத சரக்கு அது. அந்தக் கலவைக்கென்றே ஒரு சேர்மான வரிசை உண்டு. அதே வரிசை சதுப்பின் சேற்றில் இருக்கிறது, மீனில் இருக்கிறது, ஓங்கிலின் கொழுப்பில் இருக்கிறது. கைரேகை பொருந்துவதைப் போல.

அது என்ன ஆலை?

உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கும் ஆலை. 1950-களில் அல்லைடு கெமிக்கல் நிறுவனம் தொடங்கியது. 1979-இல் எல்சிபி கெமிக்கல்ஸ் வாங்கியது. 1994-இல் மூடப்பட்டது. இந்தத் தொழில்முறையில் பாதரசம் தேவை. கூடவே கிராஃபைட் மின்வாய்கள் சீக்கிரம் அரிக்காமல் இருக்க, அவற்றில் அரோகுளோர் 1268-ஐ ஏற்றுவார்கள். இரண்டும் கழிவோடு வெளியேறிப் பக்கத்துச் சதுப்பில் படிந்தன. 1996-இல் அமெரிக்க அரசு அந்த இடத்தை, நாட்டிலேயே முதலில் சுத்தம் செய்ய வேண்டிய நச்சுத் தளங்களின் பட்டியலில் சேர்த்தது. 1999-இல் ஆலையை நடத்தியவர்களில் சிலர் சுற்றுச்சூழல் குற்றங்களுக்காகச் சிறைத் தண்டனை பெற்றார்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் அபராதத்தோடு விட்டுவிடுவதுதான் வழக்கம். ஆட்கள் சிறைக்குப் போனது அரிது.

பிசிபி, பிசிபி என்கிறார்களே, அது என்ன?

பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் என்ற பெயரின் சுருக்கம். ஒன்றல்ல, 209 வகை மூலக்கூறுகள் கொண்ட குடும்பம். மேலே சொன்ன அரோகுளோர் 1268-உம் இந்தக் குடும்பத்துக் கலவைதான். 1929-இலிருந்து ஆலைகளில் தயாரானது. சூட்டுக்கு அசையாது, எளிதில் தீப்பற்றாது, மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் ட்ரான்ஸ்ஃபார்மர் ஆயில், கெப்பாசிட்டர், பெயின்ட், ஜன்னல் ஓரம் பூசும் பசை என்று எங்கும் போனது. உலகம் முழுக்கப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தியானது. அமெரிக்கா 1979-இல் உற்பத்தியைத் தடை செய்தது. 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, 2025-க்குள் கருவிகளில் இதன் பயன்பாட்டை நிறுத்த வேண்டும், 2028-க்குள் மிச்சக் கழிவையும் ஒழுங்காக அழிக்க வேண்டும் என்கிறது.

ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும்போது எந்தக் குணத்துக்காக இதைப் புகழ்ந்தார்களோ, அந்தச் "சிதையாத" குணமேதான் வெளியே வந்த பிறகு வினையானது.

கடல் எவ்வளவு பெரியது! அதில் கொஞ்சம் ரசாயனம் கலந்தால் கரைந்து போய்விடாதா?

இந்தக் கேள்வியை ஆலைக்காரர்கள் மட்டுமல்ல, நல்ல மனதோடு கேட்பவர்களும் கேட்கிறார்கள். எண்ணெய்ப் பலகாரம் சுட்ட சட்டியை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். எவ்வளவு ஊற்றினாலும் பிசுக்கு போகாது. பிசிபி அப்படிப்பட்டது. தண்ணீரோடு சேராமல் கொழுப்பைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஆற்றுநீரை எடுத்துச் சோதித்தால் ஒன்றுமே இல்லை என்றுகூடத் தோன்றும். சேற்றின் மேற்பரப்பில் இருக்கும் மக்கிய தூளில் அது ஒட்டியிருக்கும். அதைப் புழுவும் சிறு இறாலும் தின்னும். அவற்றைச் சிறு மீன் தின்னும், சிறு மீனைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் சாப்பாடு செரித்து எரிந்துபோகும், பிசிபி மட்டும் தங்கிவிடும்.

மேல்படியில் நிற்கிறது ஓங்கில். தன் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம் அளவு மீனை அது தினமும் தின்கிறது. 200 கிலோ ஓங்கில் என்றால் நாளைக்குப் 10 கிலோ மடவையும் கத்தாளையும். வருஷத்துக்கு மூன்றரை டன். ஐம்பது வருஷம், அதற்கு மேலும்கூட வாழும் உயிர் அது. போதாக்குறைக்கு, தோலுக்கு அடியில் உடம்பு முழுவதையும் போர்த்திய கனத்த கொழுப்புப் படலம் வேறு. விஷம் வந்து தங்க இதைவிட வசதியான இடம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. நிலத்து விலங்குகள் பலவற்றின் ஈரலில் பிசிபியின் சில வகைகளை உடைக்கும் நொதிகள் ஓரளவு வேலை செய்யும். ஓங்கில்களிடம் அந்தத் திறன் மிகக் குறைவு. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தில் ஷின்சுகே தனபே 1980-களிலேயே இதை எடுத்துக்காட்டினார்.

ஆலை மூடி முப்பது வருஷம் ஆகிவிட்டதே?

ஆலை மூடினாலும் சேறு மூடவில்லை. அரோகுளோர் 1268-இல் குளோரின் மட்டுமே 68 சதவீதம். குளோரின் ஏற ஏற, நுண்ணுயிர்கள் அதைக் கடித்துக் குதறுவது கடினமாகிறது. தினம் இரண்டு முறை ஏறி இறங்கும் ஓதம் அந்தச் சேற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. இன்று பிரன்ஸ்விக் கழிமுகத்தில் பிறக்கும் குட்டியின் தாய், ஆலை ஓடிய காலத்தில் பிறக்காததாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அதன் உடம்பில் ஆலை இருக்கிறது.

அழுக்கான இடத்தை விட்டு அவை வேறு இடம் போகக்கூடாதா?

டால்பின் என்றாலே நடுக்கடலில் கூட்டம் கூட்டமாகத் துள்ளிப் போவதுதான் நினைவுக்கு வருகிறது. கழிமுகத்து ஓங்கில்கள் வேறு ரகம். தாயோடு எந்த ஓடையில் மீன் பிடிக்கப் பழகினவோ, அதே ஓடையில் பேரன் பேத்தி எடுக்கும்வரை இருக்கும். ஃப்ளோரிடாவின் சாரசோட்டா விரிகுடாவில் 1970-இலிருந்து ஒரே ஓங்கில் சமூகத்தைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே பல தலைமுறைகள் ஒரே வட்டாரத்தில் வாழ்கின்றன. முதுகுத் துடுப்பின் ஓரத்தில் இருக்கும் வெட்டுகளையும் வடுக்களையும் வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, யார் யாருக்குப் பிள்ளை என்று வம்சாவளியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஊரைவிட்டுப் போகத் தெரியாத உயிருக்கு ஊரே விஷமானால் என்ன செய்யும்? அந்த மீனும் பார்வைக்கு நல்ல மீன்தான். ருசியில், வாசனையில் எந்த வித்தியாசமும் தெரியாது.

உயிரோடு இருக்கும் ஓங்கிலை எப்படிச் சோதிக்கிறார்கள்?

இரண்டு வழி. ஒன்று, படகிலிருந்து சிறு அம்பு எய்வது. அம்பின் நுனியில் இருக்கும் குழல், பென்சில் முனையில் உள்ள அழிரப்பர் அளவுக்குத் தோலும் கொழுப்பும் எடுத்துக்கொண்டு தண்ணீரில் மிதக்கும். ஓங்கில் ஒரு முறை வாலை வீசிவிட்டுப் போய்விடும்.

இன்னொரு வழி மெனக்கெட்டது. இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் வலையை வட்டமாக விட்டுச் சில ஓங்கில்களைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒவ்வொன்றையும் பல பேர் கைத்தாங்கலாகப் பிடித்து, மூச்சு எண்ணிக்கொண்டே இருப்பார்கள். மூச்சு தாறுமாறானால் உடனே விட்டுவிட வேண்டும். வால் துடுப்பில் ஓடும் ரத்தக்குழாயில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பார்கள். அல்ட்ராசவுண்டு கருவியால் நுரையீரலைப் பார்ப்பார்கள். பெண் என்றால் சினையா என்றும் பார்ப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு பல்லை எடுப்பதும் உண்டு. மரத்தின் வளையங்களைப் போலப் பல்லின் குறுக்குவெட்டில் இருக்கும் அடுக்குகளை எண்ணி வயது சொல்வார்கள். இவ்வளவும் முடிந்ததும் விட்டுவிடுவார்கள். மேலே தண்ணீர் ஊற்றுவதும் நிழல் பிடிப்பதும் மட்டுமே சிலரின் முழுநேர வேலையாக இருக்கும்.

பிரன்ஸ்விக்கில் என்னதான் கண்டார்கள்?

2009-இல் பிரன்ஸ்விக் கழிமுகத்திலும், சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே உள்ள சபேலோ தீவைச் சுற்றியும் ஓங்கில்களைப் பிடித்து மருத்துவச் சோதனை செய்தார்கள். 2012-இல் முடிவு வெளியானது.

சோதித்தவற்றில் 26 சதவீதத்துக்கு ரத்தசோகை. இதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் குரங்குகளுக்கு அதிக அளவு பிசிபி கொடுத்தபோது கண்ட அதே பாதிப்பு. தைராய்டு ஹார்மோன் குறைந்திருந்தது, அதுவும் கொழுப்பில் பிசிபி ஏற ஏற ஹார்மோன் இறங்கியது. நோய்க்கிருமியோடு சண்டை போட வேண்டிய டி-செல்கள் பெருகும் வேகமும் அதே கணக்கில் குறைந்தது. டிடிடி என்ற பழைய பூச்சிமருந்து போன்ற மற்ற நச்சுகளோ மற்ற ஊர் ஓங்கில்களில் இருப்பது போலத்தான் இருந்தன. ஆக, வித்தியாசத்துக்கு அவை காரணமாக இருக்க வாய்ப்பில்லை.

கொழுப்பில் கண்ட பிசிபியின் உச்ச அளவு, ஒரு கிலோ கொழுப்புக்கு 2900 மில்லிகிராம்.

2900 என்றால் எவ்வளவு? சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

ஒப்பிட ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் தமிழ்நாட்டில் படித்து, பின்பு எஹிமேயில் தனபேயிடம் ஆராய்ச்சி செய்த குருந்தாசலம் கண்ணன். நீர்வாழ் பாலூட்டிகளில் பிசிபி எந்த அளவைத் தாண்டினால் உடம்பு பாதிக்கத் தொடங்குகிறது என்று, அதுவரை நடந்த ஆய்வுகளை அலசி அவரும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் ஒரு வரம்பு சொன்னார்கள்: ஒரு கிலோ கொழுப்புக்கு 17 மில்லிகிராம். உலகம் முழுக்க இன்றும் பலர் அந்த எண்ணோடுதான் ஒப்பிடுகிறார்கள். 2900 அதைப்போல 170 மடங்கு.

வேறு வேறு கலவைகளின் நச்சுத்தன்மை வேறுபடும் என்பதால் 170 மடங்கு நோய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் குழப்பமில்லை.

அதே கண்ணன்தான், ஓங்கில் ஆய்வுக்குப் பல வருஷம் முன்பே, 1997-இல், இந்த எல்சிபி தளத்து மண்ணிலும் சேற்றிலும் அரோகுளோர் 1268-இன் சேர்மானத்தை விரிவாகப் பதிவு செய்தவர்களில் ஒருவர். கைரேகை என்றேனே, அதை முதலில் எடுத்து வைத்த கைகளில் ஒன்று நம்மவருடையது. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

தாயிடமிருந்து குட்டிக்குப் போகுமா?

போகும். இந்த விஷயத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் என் கை நிற்கிற இடம் இதுதான்.

ஆண் ஓங்கிலுக்குச் சேர்ந்த பிசிபியைக் கழிக்க வழியில்லை. வயது ஏற ஏற அளவும் ஏறிக்கொண்டே போகும். பெண்ணுக்கு ஒரு வழி இருக்கிறது: பால். ஓங்கிலின் பால் நம் பசும்பாலைப் போல இல்லை, கொழுப்பு பல மடங்கு அதிகம், கெட்டியாக இருக்கும். குளிர்ந்த நீரில் குட்டி சீக்கிரம் உடம்பு தேற வேண்டும் என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு. தாய் தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் அந்தப் பாலைச் சுரக்கிறாள். கொழுப்பு கரையும்போது அதில் பூட்டிக் கிடந்ததும் சேர்ந்து கரைந்து குட்டியின் வாய்க்குப் போகிறது.

அதிலும் தலைச்சன் குட்டிக்குத்தான் பெரும் பங்கு. பிறந்ததிலிருந்து எட்டு, பத்து வருஷம் தாய் சேர்த்ததெல்லாம் முதல் பிரசவத்தில்தான் இறங்குகிறது. தென்னாப்பிரிக்காவின் நடால் கரையில் நடந்து 1989-இல் வெளியான ஆய்வு, தாயின் சுமையில் ஏறக்குறைய 80 சதவீதம் தலைச்சனுக்குப் போய்விடக்கூடும் என்று கணக்கிட்டது. சாரசோட்டாவில் இத்தனை வருஷம் பார்த்ததிலும், அடுத்தடுத்த குட்டிகளைவிடத் தலைச்சன்தான் அதிகம் சாகிறது. முதல்முறை தாயாகிறவளுக்கு அனுபவம் போதாது என்பதும் ஒரு காரணம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கக் கடற்படை வளர்த்த ஓங்கில்களிலும் குட்டி இறந்த தாய்களின் கொழுப்பில், குட்டி பிழைத்த தாய்களைவிட டிடிடியும் பிசிபியும் கூடுதலாக இருந்தன. அவை தேர்ந்த பராமரிப்பில் வளர்ந்தவை.

குட்டியே பெறாத பெண் என்ன ஆகும் என்பதற்கு, 2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் கரை ஒதுங்கிய லூலு சாட்சி. லூலு ஓர்க்கா, ஓர்க்காவும் டால்பின் குடும்பம்தான், அந்தக் குடும்பத்தில் மிகப் பெரியது. மீன்பிடிக் கயிற்றில் சிக்கி இறந்திருந்தது. குறைந்தது 20 வயது. கருப்பையும் கருவகமும் ஒரு முறைகூட இனப்பெருக்கத்துக்குத் தயாரானதாக அறிகுறி இல்லை. கொழுப்பில் பிசிபி, கிலோவுக்கு 957 மில்லிகிராம்.

ஓங்கில் விஷத்தால் நேரடியாகச் செத்து மிதக்குமா?

பெரும்பாலும் இல்லை. அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. எதிர்ப்புச் சக்தி தளர்ந்த உடம்பில் வேறு நோய் வந்து முடிக்கிறது. 1990-லிருந்து 1992 வரை மத்தியதரைக் கடலில் வரி டால்பின்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. கொன்றது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் இனத்தைச் சேர்ந்த வைரஸ். ஆனால் செத்தவற்றின் கொழுப்பில், உயிர் தப்பியவற்றைவிடப் பிசிபி அதிகமாக இருந்தது.

பட்டினி இன்னொரு வில்லன். மீன் கிடைக்காமலோ நோயாலோ ஓங்கில் மெலியும்போது கொழுப்பு கரைகிறது, விஷம் மறுபடி ரத்தத்தில் ஏறுகிறது. உடம்பு பலவீனமாக இருக்கும் நேரம் பார்த்து.

ரசாயனம்தான் காரணம் என்று எப்படி அடித்துச் சொல்ல முடியும்?

ஓங்கிலுக்கு விஷம் கொடுத்துச் சோதிக்க மனசாட்சியும் சட்டமும் இடம் கொடுக்காது. எனவே ஒற்றைச் சான்றை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. பல பக்கத்திலிருந்து வரும் சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்: சுத்தமான இடத்து ஓங்கில், அழுக்கான இடத்து ஓங்கில், ஆய்வுக்கூடத்தில் செல்கள், மிங்க் என்ற கீரி போன்ற சிறு விலங்கு, குரங்கு. நெதர்லாந்தில் 1980-களில் கடல்நாய்களை வைத்து நடந்த சோதனை இன்றும் பேசப்படுகிறது. 12 பெண் கடல்நாய்களுக்கு நெதர்லாந்துக் கரையை ஒட்டிய, மாசுபட்ட வாடன் கடலின் மீனும், இன்னொரு 12-க்கு அட்லாண்டிக் மீனும் கொடுத்தார்கள். அட்லாண்டிக் மீன் தின்றவற்றில் 10 குட்டி ஈன்றன. வாடன் மீன் தின்றவற்றில் 4.

பாதரசமும் அந்த ஆலையிலிருந்து போனதே, அது என்ன செய்தது?

பாதரசம் சேற்றில் இருக்கும் பாக்டீரியாவால் மெத்தில் பாதரசமாக மாறி மீனில் ஏறும். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் ஏறிய மீனைத் தின்ற மக்கள் நோயில் விழுந்த, 1956-இல் வெளிச்சத்துக்கு வந்த கொடுமையைப் பலர் படித்திருப்பீர்கள். ஓங்கில்களிடம் இதற்கு ஒரு தற்காப்பு இருக்கிறது. ஈரலில் பாதரசத்தைச் செலினியத்தோடு சேர்த்துக் கரையாத நுண்துகளாக்கி ஓரம் கட்டிவிடும். வயதான ஓங்கிலின் ஈரலில் அந்தத் துகள்கள் கரும்புள்ளிகளாகக் கிடக்கும். ஆனால் அதற்குச் செலவாகும் செலினியமும் உடம்புக்கு வேண்டிய சத்துதான். தற்காப்புக்கும் ஒரு விலை.

இன்றைய பூச்சிமருந்துகள் சீக்கிரம் சிதைந்துவிடும் என்கிறார்களே?

டிடிடியைவிடச் சீக்கிரம் சிதையும், உண்மை. ஆனால் 2018-இல் ஒரு செய்தி வந்தது. க்ளோர்பைரிஃபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளிலிருந்து மனிதனையும் நிலத்து விலங்குகளையும் காக்கும் பான்1 என்ற மரபணு, திமிங்கிலம், டால்பின், ஆவுளியா போன்ற கடல் பாலூட்டிகளின் பரம்பரையில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே செயலிழந்துவிட்டது. கடலுக்குள் போன காலத்தில் அது தேவைப்படவில்லை போலும். வயலில் அடிக்கும் மருந்து மழையோடு ஓடையில் இறங்கும் என்று அன்று யாருக்குத் தெரியும்? நமக்கு லேசான அளவு என்பது அவற்றுக்கு லேசானதாக இருக்க வேண்டியதில்லை.

ஒட்டாத தோசைக்கல், மழைக்கோட்டு, தீயணைப்பு நுரை ஆகியவற்றில் புழங்கிய பிஃபாஸ் ரசாயனங்களும் இருக்கின்றன. அவை கொழுப்பில் தங்காது, ரத்தத்திலும் ஈரலிலும் தங்கும். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் ஓங்கில்களின் ரத்தத்தில் மிக அதிகமாகக் கண்டிருக்கிறார்கள்.

எண்ணெய்க் கசிவு?

அது வேறு மாதிரியான அடி. ஓங்கில் மூச்சுவிடுவது தண்ணீரின் மேற்பரப்பை ஒட்டி, எண்ணெய் ஆவி கனமாகக் கிடப்பதும் அங்கேதான். 2010 ஏப்ரல் 20-ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்த பிறகு, லூசியானாவின் பரடாரியா விரிகுடாவில் 2011-இல் ஓங்கில்களைச் சோதித்தார்கள். சாரசோட்டாவோடு ஒப்பிட்டால் நுரையீரல் நோய் 5 மடங்கு. அட்ரீனல் சுரப்பியும் தளர்ந்திருந்தது. சினையாக இருந்தவற்றைப் பின்தொடர்ந்தபோது பிழைத்த குட்டியோடு காணப்பட்டவை 20 சதவீதம். எண்ணெய் படாத இடத்தில் 83.

நம் கடற்கரை ஓங்கில்களைப் பற்றி ஏதாவது தெரியுமா?

தெரியும், அதுவும் பரங்கிப்பேட்டையிலிருந்து. தனபேயும் அங்கிருந்த கடலுயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் சேர்ந்து வங்கக் கடலோர ஓங்கில்களின் கொழுப்பை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டார்கள். எல்லாவற்றிலும் மேலோங்கியிருந்தது பிசிபி அல்ல, டிடிடி. ஆலைகளின் கரை பிசிபியைக் காட்டுகிறது, வயல்களின் கரை பூச்சிமருந்தைக் காட்டுகிறது. கரை எப்படிப் பிழைக்கிறதோ, ஓங்கிலின் கொழுப்பு அப்படியே சொல்லிவிடும்.

இந்தியாவில் டிடிடியை விவசாயத்துக்குப் பயன்படுத்த 1989-இல் தடை வந்தது. பிசிபிக்கு 2016-இல் ஆணை வந்தது. பழைய கருவிகளில் இருப்பதை 2025 இறுதிக்குள் நிறுத்தக் கெடு வைத்தார்கள். ஆணை இருப்பதும், பழைய ட்ரான்ஸ்ஃபார்மரைக் காயலான் கடையில் உடைத்து ஆயிலை மண்ணில் ஊற்றாமல் இருப்பதும் வேறு வேறு. பிரன்ஸ்விக்கைப் பார்த்த பிறகு, எண்ணூர் கழிமுகத்தின் ஓரம் நிற்கும்போது எனக்கு அந்த நினைப்புதான் வருகிறது. ஆலை வேறு, சரக்கு வேறு. ஆனால் கழிமுகம் அதே மாதிரிக் கழிமுகம், சேறு அதே மாதிரிச் சேறு.

பிரன்ஸ்விக் பக்கத்து மீனைத் தின்கிற மனிதர்களுக்கு?

சபேலோ தீவில் ஹாக் ஹம்மாக் என்ற சிறு குடியிருப்பு இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்கள் அங்கே தலைமுறைகளாகக் கடலை நம்பி வாழ்கிறார்கள். அந்த வட்டாரத்து மீனும் நண்டும் சாப்பிடுகிறவர்களின் ரத்தத்திலும் அரோகுளோர் 1268-க்கே உரிய பிசிபி வகைகளைக் கண்டிருக்கிறார்கள். பிரன்ஸ்விக் சுற்றுவட்டாரத்தில் எந்த மீனை, மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று அரசு அறிவுறுத்தல் பலகைகள் உண்டு. ஓங்கிலுக்குப் பலகை படிக்கத் தெரியாது, கடையில் வேறு மீன் வாங்கவும் முடியாது. அதனால்தான் நமக்கு முன்பாக அதன் உடம்பில் தெரிகிறது.

சேற்றை அள்ளி எடுத்துவிட்டால் என்ன?

மிக மோசமான இடங்களில் எடுத்தார்கள். ஆனால் சதுப்பு முழுவதையும் தோண்டினால் புல்லும் நண்டும் குஞ்சுமீனும் சேர்ந்து போகும், கலங்கிய சேறு இன்னும் பரவும். 2015-இல் எடுத்த முடிவு இதற்கு நடுவில் நிற்கிறது: சில ஓடைகளில் தூர்வாருவது, சில இடங்களை மணலால் மூடுவது, மீதியை அப்படியே விட்டுக் கண்காணிப்பது. மூடியதே அதிகம், எடுத்தது குறைவு என்று உள்ளூர்க்காரர்கள் சிலர் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கொட்டும்போது ஒரு குழாய் போதும், திருப்பி எடுக்க ஒரு தலைமுறை போதவில்லை.

பாதிக்கப்பட்ட ஓங்கிலுக்கு வைத்தியம் உண்டா?

கொழுப்பில் சேர்ந்த பிசிபியை வெளியே எடுக்க மருந்து கிடையாது.

கரை ஒதுங்கிய ஓங்கிலைப் பார்த்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

உயிரோடு இருந்தால் முதலில் வனத்துறைக்கும் கடலோரக் காவல் நிலையத்துக்கும் போன் செய்யுங்கள். ஓங்கில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், துடுப்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைத்து, ஈரத்துணி போர்த்தி, நிழல் கொடுங்கள். தலை உச்சியில் இருக்கும் மூச்சுத்துளையில் மட்டும் தண்ணீர் போகக்கூடாது. படிக்கிற காலத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு குட்டி ஒதுங்கியதைப் பார்த்தேன். பாவம் தாகமாக இருக்கும் என்று ஒரு பெரியவர் குடத்தோடு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். துளை திறந்து மூடும்போது மணலும் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போனது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் அன்று தெரியாது.

செத்துக் கிடந்தாலும் தகவல் சொல்லுங்கள். மணலில் புதைத்து முடிப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் வந்தால், விரல்கடை அளவு கொழுப்பும் ஒரு பல்லும் ஈரலில் ஒரு துண்டும் எடுக்கலாம். வயது, எந்த ஆலை, எந்த வயல் என்பதையெல்லாம் அவை சொல்லும். நாறிப்போவதற்குள் எடுக்க வேண்டும், ஆகவே பார்த்த அன்றே சொல்லுங்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, முதுகுத் துடுப்பு தெளிவாகத் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.